வஞ்சகனின் வசீகரமும் பொறாமையின் சாட்சியமும்

தீயோனை அழகனாகப் படைத்தல் இலக்கியத்திற் புதுவது அன்று. கம்பர் காட்டும் இராவணன் இசைவல்லோன். அருந்தவத்தால் வரம் பெற்றோன். அவன் கொலுவிருக்கும் சிறப்பினைப் படிப்போர் அவன் இழைத்த பிழையையும் ஒரு கணம் மறப்பர். செகசிற்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் வரும் இயாகோவை அந்நாடக மாந்தருட் பெரும்பாலார் நேர்மையாளன் என்றே நம்பியிருக்கின்றனர். ஆயினும் சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளில், அவற்றினும் சிறப்பாகச் சிறுவர்க்கென வரையப்படும் சித்திரப் படங்களில், இம்மரபு பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. அங்கே தீயோன் கோணிய மூக்கும் கரகரத்த குரலும் உடையவனாய் வருவான். பார்த்த மாத்திரத்தே குழந்தை அவனை அறிந்துகொள்ளும். அவ்வாறு அறிந்துகொள்வதனால் அதற்கு ஐயமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஆதலின் கற்றுக்கொள்வதற்கும் ஒன்றும் இல்லை.

இக்குறையினின்றும் விலகி நிற்பது ‘அவதார்: த லாஸ்ட் எயர்பெண்டர்’ என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடர். மைக்கேல் டான்டே டிமார்ட்டீனோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்னும் இருவர் இதனைப் படைத்தனர். நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 ஆம் ஆண்டு தொடங்கி 2008 ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பாயிற்று. நீர், மண், தீ என மூன்று ‘நூல்’களாகவும், அவற்றுள் 61 அத்தியாயங்களாகவும் பகுக்கப்பட்டது. சித்திரங்களை அசைவுறச் செய்த பணியிற் பெரும்பங்கு கொரிய நாட்டுக் கலைஞருடையது. தொடரின் பெயர் நமக்கு அயலானதன்று. ‘அவதாரம்’ என்னும் வடசொல்லே அது. ஆயினும் பொருளில் வேறுபாடு உண்டு. இறைவன் இறங்கிவந்து பிறத்தலை நம்மவர் அவதாரம் என்பர். இத்தொடரிலோ ஓர் உயிரே நான்கு நாட்டு மக்களிடையேயும் முறைமாறி மீண்டும் மீண்டும் பிறக்கின்றது. அதனை மறுபிறப்பு என்பதே பொருந்தும். பூதங்களுள்ளும் வளி, நீர், நிலம், தீ என நான்கினையே கொண்டு ஆகாயத்தை விட்டுவிட்டனர். இவை நிற்க.

தீ நாட்டவர் ஏனை நாட்டவர்மீது தொடுத்த போர் நூறாண்டாக நடந்துவருகின்றது. அதனை முடிக்கவேண்டிய பொறுப்பு ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுடையது. அவனுடன் தென்துருவத்து நீர்க்குலத்தைச் சேர்ந்த இருவர் செல்கின்றனர்: நீரை வசப்படுத்தும் வித்தையறிந்த கட்டாரா என்னும் சிறுமி; வித்தை எதுவுமறியாத அவள் தமையன் சொக்கா. இவர்களுடைய தாய் தீ நாட்டுப் படையினரின் கையிற் கொலையுண்டவள். தந்தை போருக்குச் சென்றவர். தந்தை செல்லும்போது ஊரையும் தங்கையையும் மகன் பொறுப்பில் விட்டுச் சென்றார். சொக்காவின் செய்கைகள் அனைத்திற்கும் இதுவே அடி. அவன் வயதில் இளைஞன், பதவியில் ஊர்க்காவலன், ஆற்றலில், தங்கையினும் குறைந்தவன். இம்மூன்றும் ஒருவனுள்ளே கூடியிருப்பின் பொறாமைக்கு வேறு விதை வேண்டுவதில்லை.

‘ஜெட்’ என்பது முதல் நூலின் பத்தாவது அத்தியாயம். அன்று சொக்கா, பறக்கும் விலங்கின்மீது செல்வது பகைவர் கண்ணிற் படும் என்று கூறி, யாவரையும் காட்டுவழியே நடத்திச் செல்கின்றான். தன் உள்ளுணர்வே வழிகாட்டும் என்கின்றான். அவ்வுள்ளுணர்வு அவர்களை நேரே தீ நாட்டுப் படைவீடொன்றினுள் கொண்டுசென்று நிறுத்துகின்றது. அந்நேரத்தில் மரக்கிளையினின்றும் குதிக்கின்றான் ஜெட். வாயில் ஒரு புல்லின் தாள். இரு கையிலும் கொக்கிவாள். உதட்டில் ஒரு சிரிப்பு. அவன் தோழரும் சிறுவரே, போரினால் வீடிழந்தவர். அச்சிறுபடை கண்மூடித் திறக்குமுன் போர்வீரரை வீழ்த்திவிடுகின்றது. சொக்கா அடிக்க ஓங்கிய வீரனையும் ஜெட்டே வீழ்த்திவிட்டு, அடுத்த முறை இன்னும் விரைவாக இருக்கவேண்டும் என்று நகைத்துச் செல்கின்றான்.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சொக்காவுக்கு ஜெட்டின்மீது வெறுப்பு உண்டாவது இக்கணத்தில். ஜெட் இதுவரை தீங்கு யாதும் செய்திலன், உயிர் காத்தான். ஆகவே சொக்காவினுடையது முன்னறிவு என்றோ, நல்லோனுக்கு இயல்பாய் அமைந்த தெளிவு என்றோ கூறித் தப்புவதற்கு ஆசிரியர் இடம்வைத்திலர். அது தூய பொறாமை. வழிநடத்தியவன் வழிதவறிய அதே நாளில், அவனினும் சற்றே மூத்தவன் ஒருவன் வந்து, அவனினும் நன்றாக வழிநடத்துகின்றான். தங்கையோ வந்தவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின், அவற்றின் வேறாகவும் முப்பத்திரண்டினை எண்ணுகின்றார். அவ்வரிசையிற் பொறாமையும் உண்டு. அதற்கு அணித்தே ஐயமும் உண்டு. அவர் எக்கருத்துடன் அவற்றை அருகருகே வைத்தாரோ, சொக்காவின் நெஞ்சில் அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன. முதலிற் பொறாமை, அதன் நிழலில் ஐயம்.

ஜெட்டின் வசீகரம் எத்தகையது? முகத்தழகு மட்டும் எனின் அது சிறிதே. காட்டின் உயரத்தில், மரங்களின்மீது, கயிறுகளாலும் பலகைகளாலும் அவன் ஓர் ஊரையே அமைத்திருக்கின்றான். பெற்றோர் இல்லை, பாடம் இல்லை, பகைவனுக்கு எட்டாத உயரம், இரவில் விருந்து. எந்தச் சிறுவனும் ஒருமுறையேனும் கனாக்கண்ட உலகம் அது. அவ்வுலகில் மிகச் சிறிய பிள்ளைக்கும் ஒரு பெயரும் ஒரு பணியும் உண்டு. ஜெட் தன்னைப் புகழ்வதில்லை, மற்றவரைப் புகழ்கின்றான். கட்டாராவின் வித்தையைப் புகழ்கின்றான். ஆங்கின் விளையாட்டுக்கு இடங்கொடுக்கின்றான். சொக்கா புறப்பட்டுச் செல்ல எண்ணுகையில், மறுநாட் பணி ஒன்றிற்கு அவனே தேவை என்று கூறி நிறுத்துகின்றான். இதுவே அவன் வித்தைகளுள் நுட்பமானது. பொறாமை கொண்டவனுக்கு வேண்டியது இடம். அதனைக் கொடுத்துவிட்டால் அவன் அரைவாசி வசமாவான் என்பதை இச்சிறுவன் அறிந்திருக்கின்றான். சொக்காவும் வசமாகின்றான். மறுநாட் காலையில், மரத்திற் கத்தியைக் குத்தி அதன் அதிர்வைச் செவியாற் கேட்டு, வருவோர் எத்தனை பேர் எனக் கணித்துக் கூறும்போது அவன் முகத்திற் பெருமிதம் தோன்றுகின்றது. அவ்வமயம் பொறாமை ஒழிந்தது என்றே பார்ப்போர் எண்ணுவர்.

வந்தவர் ஒரே ஒருவர்: கைத்தடி ஊன்றிய தீ நாட்டுக் கிழவர். ஜெட் அவரை வீழ்த்தி, அடித்து, உடைமையைப் பறிக்கின்றான். தீங்கற்ற முதியவர் என்று சொக்கா தடுக்கின்றான். தீ நாட்டவர் என்பதே போதும் என்பது ஜெட்டின் மறுமொழி. இங்கேதான் சொக்காவின் ஐயம் கண்ணாற் கண்ட உண்மையாக மாறுகின்றது. அவ்வுண்மையைச் சென்று தங்கையிடமும் நண்பனிடமும் கூறுகின்றான். அவர்கள் நம்பினரா? இல்லை. ஜெட் சிறிதும் சினவாது ஒரு கத்தியைக் காட்டுகின்றான். அதனுள்ளே நஞ்சு இருந்ததென்றும், கிழவர் கொலைஞர் என்றும், சொக்கா அதனைக் காணத் தவறினான் என்றும் மென்மையாக உரைக்கின்றான். கட்டாரா அதனை ஏற்கின்றாள். தமையன் பொறாமைகொண்டவன் என்பதை அவள் முன்னரே அறிவாள்; ஆதலின் அவன் கூற்றுக்குக் காரணம் தேட அவளுக்கு வேறிடம் செல்லவேண்டியதில்லை.

இவ்வத்தியாயத்தின் உயிர்நிலை இதுவே. பொறாமைக்காரன் கூறுவது பொய் என்பது உலகத்தார் துணிபு. திருக்குறளின் பதினேழாம் அதிகாரம் அழுக்காற்றினைப் பெருங்கேடு என்று விலக்குகின்றது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் ஒருவன் நெஞ்சு மாசுடையது என்பதனால் அவன் கண் குருடாகிவிடுமா? சொக்காவின் நோக்கம் தூயதன்று. அவன் கண்டது மெய். இரண்டும் ஒருங்கே உண்மை. நம்மனோர் கல்லூரிகளில், எல்லார்க்கும் இனியவனான மாணவத் தலைவன் ஒருவனைக் குறித்து, அவனால் முந்தப்பட்ட மாணாக்கன் ஒருவன் முறையிட வருவானாயின், ஆசிரியர் அம்முறையீட்டின் மெய்ம்மையை ஆராயுமுன் முறையிட்டவனின் மனத்தையே ஆராய்வர். பொறாமை என்று கண்டவுடன் ஆராய்ச்சியும் முடிந்துவிடும். முறையிட்டவன் வெட்கித் திரும்புவான். அடுத்த முறை வாய்திறவான். வசீகரமுடைய தீயோனுக்கு இதனினும் வலிய கேடயம் வேறு இல்லை. ஜெட் சொக்காவைப் பொய்யன் என்று ஒருபோதும் கூறியதில்லை என்பது கருதத்தக்கது. பிறர் அவ்வாறு எண்ணிக்கொள்ளும்படி விட்டுவிட்டான், அவ்வளவே.

ஒதெல்லோவோடு வைத்து நோக்கின் இது தெளிவாகும். அந்நாடகத்திற் பொறாமை காணாததைக் காண்கின்றது. ஒரு கைக்குட்டையைக் கண்டு கற்பின் இழப்பைக் காண்கின்றது. அதனால் நல்லாள் ஒருத்தி மாள்கின்றாள். அங்கே வசீகரன் பொறாமையை மூட்டுகின்றான். இங்கே வசீகரனே பொறாமைக்குப் பொருளாகின்றான். அப்பொறாமையே பிறர் காணாததை உள்ளபடி காண்கின்றது. செகசிற்பியருடைய ஆழம் இச்சிறு சித்திரக் கதைக்கு உண்டு எனக் கூறுதல் பேதைமை. ஆயினும் பெருநாடகம் ஆராயாது விட்ட பக்கம் ஒன்றினை இஃது ஆராய்ந்துள்ளது.

கட்டாராவின் பக்கத்தையும் நோக்கவேண்டும். அவளை ஏமாந்த பேதை எனக் கூறுவார் இத்தொடரைச் சரியாகப் பார்த்தவராகார். ஜெட் தன் எட்டாம் வயதிற் பெற்றோரைத் தீ நாட்டவர்க்குப் பலிகொடுத்தவன். அதனை அவளிடம் கூறுகின்றான். அவளும் தன் தாயை இழந்த கதையைக் கூறுகின்றாள். இது நடிப்பன்று, அவன் துயரம் மெய்த்துயரமே. பொய்யைக் கொண்டு மயக்குவோனை அறிவுடையோர் விரைவிற் கண்டுகொள்வர். மெய்யான புண்ணைத் திறந்துகாட்டி மயக்குவோனைக் கண்டுகொள்ளுதல் அரிது. ஏனெனில், அவனை ஐயுறுதல் அப்புண்ணையே ஐயுறுவது போலாகும். சொக்காவும் அதே தாயை இழந்தவனே. எனினும் ஜெட் தன் துயரத்தை அவனிடம் கொண்டுசெல்லவில்லை, தங்கையிடமே கொண்டுசென்றான். யாரிடம் எதைக் கூறவேண்டும் என்னும் அளவை அவனுக்கு நன்கு தெரியும்.

பின் நிகழ்வன விரைந்து நிகழ்கின்றன. தீ நாட்டுப் படை தங்கியிருக்கும் ஊரொன்றின்மேல் அணைக்கட்டை உடைத்து வெள்ளத்தைச் செலுத்துதல் ஜெட்டின் எண்ணம். அவ்வூரிற் படையினர் மட்டுமன்றிக் குடிமக்களும் குழந்தைகளும் உள்ளனர். காட்டுத்தீயை அணைப்பதற்கு நீர் வேண்டும் என்று பொய்யுரைத்து, ஆங்கையும் கட்டாராவையுங் கொண்டே நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றான். இதனை மறைந்திருந்து கேட்ட சொக்காவைச் சிறைப்பிடிக்கின்றான். மற்ற இருவர்க்கும் உண்மை தெரியவரும்போது காலம் கடந்துவிடுகின்றது. கட்டாரா தான் ஏவிய நீராலேயே ஜெட்டை மரத்தோடு சேர்த்து உறையவைக்கின்றாள். எனினும் அவன் குறிப்பறிந்த தோழன் எய்த அம்பு வெடிமருந்துப் பீப்பாக்களைச் சேர்கின்றது. அணை உடைகின்றது. தன் கைப்பட நிரப்பிய நீர் ஊரை விழுங்குவதை அவள் பார்த்து நிற்கும் காட்சி, சிறுவர்க்கென வரையப்பட்ட படங்களிற் காண்டற்கரியது.

அதன்பின் ஆசிரியர் சற்றே மனம் தளர்ந்துவிட்டனர் என்று கூறவேண்டியிருக்கின்றது. காவலரைப் பொறியிற் சிக்கவைத்துத் தப்பிய சொக்கா, முன்னரே ஊருக்குச் சென்று மக்களை வெளியேற்றிவிட்டான், ஒருவரும் மாளவில்லை. முதலில் ஊரார் அவனை நம்பினாரில்லை. அடியுண்ட அக்கிழவர் எழுந்து, இச்சிறுவன் தன்னைக் காக்க முயன்றவன் என்று சான்று கூறியபின்னரே நம்பினர். கிழவரின் சான்று மிகப் பொருத்தமானது. தன் வீட்டார் நம்பாத சொல்லைப் பகைநாட்டார் நம்புகின்றனர். ஆயினும் ஓர் உயிரும் போகாமையாற் கட்டாராவின் குற்றவுணர்ச்சி சில கணங்களில் தீர்ந்துபோகின்றது. தொலைக்காட்சியைப் பார்க்கும் சிறுவரின் உறக்கத்தைக் கருதி இவ்வாறு செய்தனர் போலும். கதையின் தருக்கம் கேட்ட விலை இதனினும் அதிகம்.

மற்றொன்று, பொறாமைக்காரன் வென்றான் என்று கதை முடிந்திருப்பின் அது தீய பாடமாகியிருக்கும். உள்ளுணர்வு சிலவேளை சரியாகும் என்று தங்கை தமையனைப் பாராட்டிய மறுகணமே, அவன் செலுத்தும் திசை பிழையென்று ஆங் சுட்டிக்காட்டுகின்றான். சிறு நகைச்சுவைதான். எனினும் அதனாற் சொக்காவின் அறிவு வானத்தினின்றும் வந்த வரம் ஆகாமல், சிலவேளை காணும், சிலவேளை காணாது என்ற மனித அளவில் நிறுத்தப்படுகின்றது. அதே நூலின் பதினைந்தாவது அத்தியாயத்தில், தந்தையிடமிருந்து வந்த வரைபடத்தை ஆங் ஒளித்துவைக்கின்றான். நண்பர் இருவரும் தன்னை விட்டுத் தந்தையிடம் போய்விடுவர் என்னும் அச்சமும் பொறாமையும் அவனைத் தூண்டுகின்றன. அங்கே வசீகரனும் இல்லை, வஞ்சகனும் இல்லை; பொறாமை கண்டது யாதுமில்லை, கெடுத்தது மட்டும் உண்டு. ஐந்து அத்தியாய இடைவெளியில் ஒரே உணர்ச்சியின் இரு முகத்தையும் காட்டியது இத்தொடரின் நடுவுநிலைமைக்குச் சான்று.

ஜெட்டை ஆசிரியர் அத்தோடு விட்டுவிடவில்லை. இரண்டாம் நூலில் அவன் மீண்டும் வருகின்றான். திருந்தி வாழ எண்ணி, பா சிங் சே என்னும் மாநகரை நோக்கி அகதிகளோடு கப்பலிற் செல்கின்றான். அங்கே ஓர் இளைஞனைச் சந்திக்கின்றான். அவன் தீ நாட்டு இளவரசன் சூக்கோ. தன் சிறிய தகப்பனார் முறையல்லாத பெரிய தகப்பனார் ஐரோவுடன் ஒளிந்து வாழ்பவன். ஜெட் அதனை அறியான். தன் கூட்டத்திற் சேருமாறு அவனை அழைக்கின்றான், சூக்கோ மறுத்துவிடுகின்றான். பின்னர் ஐரோவின் கையிலிருந்த ஆறிய தேநீர் நெருப்பின்றியே ஆவி விடுவதை ஜெட் கண்டுவிடுகின்றான். தீயை வசப்படுத்தும் வித்தையன்றி வேறெதனால் அது கூடும்? அவன் கண்டது முற்றிலும் மெய். ஆயின் தேநீர்க் கடையிற் புகுந்து, வாளேந்தி அதனைக் கூவியபோது ஒருவரும் நம்பவில்லை. சூக்கோவோ தீயைப் பயன்படுத்தாது வாளாலேயே பொருதான். நகரின் மறைகாவலரான டாய் லீ வந்து, பித்தன் என்று ஜெட்டைப் பிடித்துச் செல்கின்றனர்.

முதலிற் சொக்காவுக்கு நேர்ந்தது இப்பொழுது ஜெட்டுக்கு நேர்கின்றது. உண்மை அவன் கையில் உண்டு; அதனைக் கூறும் நெஞ்சிலோ பழைய வெறுப்பும், தன் அழைப்பு மறுக்கப்பட்ட மானக்கேடும் கலந்துள்ளன. அன்று பிறரை நம்பவைத்த நாவும் சிரிப்பும் இன்று அவனுக்கு உதவவில்லை. ஒரே வழக்கினை இருமுறை நடத்தி, இரண்டாம் முறை வாதியையும் பிரதிவாதியையும் இடம்மாற்றி நிறுத்தியிருக்கின்றனர் ஆசிரியர்.

டாய் லீயினர் அவன் மனத்தையே திருத்தி எழுதி வெளியே விடுகின்றனர். கட்டாரா அவனைக் கண்டவுடன் தாக்குகின்றாள். ஒருகாலத்தில் மயங்கியதை எண்ணிய நாணமே அவள் சினமாக மாறியது என்று கருதுதற்கு இடமுண்டு. பின்னொரு காலத்தில், மூன்றாம் நூலில், அவள் தன் தாயைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்கப் புறப்படுகையில், நீ ஜெட்டைப் போலப் பேசுகின்றாய் என்று ஆங் அவளைத் தடுப்பான். அச்சொல் அவளை எத்துணைச் சுடுகின்றது என்பதை அக்காட்சியிற் காணலாம். இங்கே, நகரத்துச் சந்திப்பில், ஜெட் தான் சிறைப்பட்டதே இல்லை என்கின்றான். அவன் தோழியோ அவன் சிறைப்பட்டதைக் கண்டேன் என்கின்றாள். நிலத்தின் அதிர்வினால் மெய்யும் பொய்யும் அறியும் டொஃப் என்னும் பார்வையற்ற சிறுமி, இருவரும் மெய்யே கூறுகின்றனர் என்கின்றாள். இது எங்ஙனம் கூடும் என யாவரும் திகைத்து நிற்க, விடையைக் கண்டுரைப்பவன் சொக்கா. இருவரும் தாம் கூறுவதை மெய்யென்றே நம்புகின்றனர். ஜெட்டின் மனம் பிறரால் மாற்றப்பட்டுள்ளது என்கின்றான். அன்று பொறாமையின் கண்ணாற் கண்ட அதே சொக்கா, இன்று பொறாமை இன்றியே காண்கின்றான். காண்பதும், தன்னைச் சிறைப்பிடித்தவனுக்குச் சார்பாக. இம்மாற்றத்தை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்கிக் கூறவில்லை.

லாவோகாய் என்னும் ஏரியின் அடியிலுள்ள மறைவிடத்தில், டாய் லீயின் தலைவன் எறிந்த கல்லால் ஜெட் வீழ்கின்றான். கட்டாரா நீரைக்கொண்டு அவன் புண்ணை ஆற்ற முயல்கின்றாள், ஆறவில்லை. மற்றவர் தம் பணியை முடிக்கச் செல்லவேண்டும். தாம் உடனிருப்பதாகக் கூறித் தோழர் இருவர் அவனருகே அமர்கின்றனர். ஜெட் கட்டாராவை நோக்கி, தனக்கு ஒன்றுமில்லை, நலமாகிவிடுவேன் என்கின்றான். முகத்தில் அதே பழைய சிரிப்பு. அவள் அதனை நம்பி எழுந்து செல்கின்றாள். சற்று அப்பால் வந்ததும் டொஃப் தாழ்ந்த குரலில், அவன் பொய் சொல்கின்றான் என்கின்றாள்.